ஃபீல்டு விட்த்: புல அகலமா, ஒதுக்கிடமா?

சி மொழியில ஒரு எண்ணை அச்சடிக்கிறப்ப அதுக்கு எத்தனை எழுத்து இடம் விடணும்னு சொல்ற எண்தான் ஃபீல்டு விட்த். அதுக்கு "புல அகலம்"ங்கிற பேர் எனக்கு ஒத்துவரல. தப்புன்னு சொல்லல, ஃபீல்டுன்னா புலம், விட்த்னா அகலம், வார்த்தைக்கு வார்த்தை சரியாத்தான் இருக்கு. ஆனா சி இப்பதான் படிக்க ஆரம்பிச்ச பிள்ளைகிட்ட "புல அகலம் 5 கொடு"ன்னா அதுக்கு என்னத்த புரியும்?

1லேருந்து 50 வரைக்கும் ஒவ்வொரு எண்ணோட கனத்தையும் வரிக்கு ஒண்ணா அச்சடிக்கிற புரோகிராமை எடுத்துக்குங்க. திரும்பத் திரும்ப ஓட ஒரு ஃபார் லூப், உள்ள அச்சடிக்கிறதுக்கு ஒரு பிரிண்ட்எஃப், அவ்ளோதான். பிரிண்ட்எஃப்ல முழு எண்ணுக்கான சதவீதக்குறியும் டியும் (%d) மட்டும் போட்டா 8, 27, 125 எல்லாம் இடது ஓரத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும், ஒன்றாம் இடத்துக்குக் கீழ ஒன்றாம் இடம் வராது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு 5 போட்டதும் கூட்டல் கணக்கு எழுதுன மாதிரி நேரா வந்துரும். ஆனா அந்த அழகு 46 வரைக்கும்தான், அதோட கனம் 97336. 47க்கு 103823, ஆறு இலக்கம். சி அதை வெட்டாது, முழுசா அச்சடிச்சிரும், கடைசி நாலு வரியும் ஒரு எழுத்து வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும்.

அகலம்னு பேர் வச்சா பிள்ளைங்க 5ன்னா அஞ்சோட நின்னுரும்னுதான் நினைக்கும், ஆனா அந்த 5க்கு அர்த்தம் குறைஞ்சது அஞ்சு இடம் ஒதுக்கி வைங்கிறதுதான். அதனாலதான் "ஒதுக்கிடம்"ங்கிறேன். அதுவுமில்லாம "இடம்"ங்கிறது ஒன்றாம் இடம், பத்தாம் இடம்னு கணக்குல ஏற்கெனவே பழகுன சொல். "சிறும அகலம்"னும் சொல்லலாம், துல்லியமாத்தான் இருக்கு, ஆனா வாயில வராது.

இதுலயும் வம்பு இருக்கு, மறைக்கல. புரோகிராமுக்கு நினைவகத்துல இடம் ஒதுக்குற மெமரி அலொகேஷனுக்கு "ஒதுக்கீடு"ன்னு சொல்றோம், ரெண்டும் காதுல கிட்டக்கிட்ட விழும். அப்புறம் இடம்னா தமிழ்ல இடப்பக்கமும்தானே, 5க்கு முன்னாடி மைனஸ் போட்டு இடது பக்கம் ஒட்டவைக்கிறதுக்கு "இட ஒட்டல்"னு யாராச்சும் பேர் வச்சா குழப்பம்தான், அதை "இடது ஒட்டல்"னே வச்சுக்கலாம்.

அந்த எண்களுக்கு மேல ஒரு தலைப்பைத் தமிழ்ல போட்டுப் பாத்தீங்கன்னா இன்னொரு கூத்து. "கனம்" திரையில மூணு எழுத்து, எழுத்துகளை பைட்டா சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில 12 பைட். சொற்களை அச்சடிக்கப் போடுற சதவீதக்குறிக்கும் எஸ்ஸுக்கும் (%s) நடுவுல 10 போட்டாலும் பிரிண்ட்எஃப் பைட்டைத்தான் எண்ணும், பத்தைத் தாண்டிருச்சுன்னு ஒரு வெற்றிடம்கூட சேர்க்காது. அகலம்ங்கிற பேர் இங்க சுத்தமா பொய். ஒதுக்கிடம்னாலும் இந்தச் சிக்கல் தீராது, ஆனா எதை எண்ணி ஒதுக்குதுன்னு கேக்கவாவது தோணும்.

மிச்ச இடத்தை அடைக்கிறதை "நிரப்பு"ன்னே விட்டுரலாம், 5க்கு முன்னாடி 0 போட்டா "பூஜ்ஜிய நிரப்பு". எண்ணுக்குப் பதிலா நட்சத்திரக்குறி போட்டு ஒதுக்கிடத்தையே வேரியபிள்லேருந்து எடுக்கிறோமே, அதுக்குத்தான் எனக்கு ஒண்ணும் தோணல. யாருக்காச்சும் தோணுச்சுன்னா சொல்லுங்க.