சமூக வீட்டுவசதிப் பதிவு: டயர் (tier, நிலை) 3-ஆ, டயர் 2-ஆ? விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். மேற்கு சிட்னியில், வருமானம் குறைந்தவர்களுக்குக் குறைந்த வாடகையில் வீடு தரும் ஒரு சிறிய சமூக வீட்டுவசதி அமைப்பின் குழுவில் இருக்கிறேன். மொத்தம் 14 வீடுகள். இத்தகைய அமைப்புகளுக்காக 2014-இல் தொடங்கிய தேசியப் பதிவுமுறையில் நாங்கள் டயர் 3, அதாவது மூன்று நிலைகளில் சிறிய அமைப்புகளுக்கான கடைசி நிலை.

இப்போது காலி மனை ஒன்றில் புதிதாக ஆறு வீடுகள் கட்ட ஆசை. வீடுகளின் எண்ணிக்கை மட்டுமல்ல, கட்டுமானத்தின் அளவையும் அதிலுள்ள ஆபத்தையும் பார்த்துத்தான் டயரை முடிவு செய்கிறார்கள். சரி, இந்த ஒரே திட்டத்துக்காக டயர் 2-க்கு மாற வேண்டியிருக்குமா? மாறினால் நிதி, நிர்வாகம் பற்றிய கேள்விகள் இறுகும். எங்கள் பொருளாளர் வேலை முடிந்து வந்து, இரவில் சமையலறை மேசையில்தான் கணக்கு எழுதுகிறார்.

மனு போடும் முன் பதிவாளரிடம் பேசிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? என்னென்ன ஆவணங்கள் கேட்டார்கள்? சமையலறைக் கூரை ஒழுகும் வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஒரு பாட்டி, புது வீடு எப்போது என்று வாராவாரம் கேட்கிறார்.