பனையூரில் வீட்டு நீச்சல் குளம்: தண்ணீர் வீணா, பராமரிக்க முடியுமா?

பனையூரான்
வேறொரு இழையில் ஒருவர், "சென்னையில் வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் கட்டுவது தண்ணீருக்குச் செய்யும் துரோகம்" என்று எழுதியிருந்தார். அதற்கு இங்கே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் இப்போதுதான் கட்டி முடித்தோம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஆழம் ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 5 அடி. மொத்தம் சுமார் 38,000 லிட்டர். டேங்கர் லாரியில் ஒரு தடவை நிரப்பினோம், அவ்வளவுதான். அதே தண்ணீரைத்தான் ஃபில்டர் சுத்தம் செய்து திரும்பத் திரும்பக் கொடுக்கிறது. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து போயிற்று. தரையில் பத்து நிமிஷம் நடக்க முடியாதவர், மார்பளவு தண்ணீரில் அரை மணி நேரம் நடக்கிறார். இதில் துரோகம் எங்கே வந்தது?

மழைநீர்
அதை எழுதியது நான்தான் சார். அம்மா நடப்பது நல்ல விஷயம், அதில் எனக்கு ஒரு வார்த்தைகூட எதிர்ப்பு இல்லை. ஆனால் "ஒரு தடவை நிரப்பினால் போதும்" என்பது சரியில்லை. உங்கள் குளத்தின் மேற்பரப்பு 32 சதுர மீட்டர். நம் வெயிலில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாவது சாதாரணம். அதுவே 160 லிட்டர், மாதத்துக்கு 5,000 லிட்டரை நெருங்கும். வாரம் ஒரு தடவை ஃபில்டரை பேக்வாஷ் செய்தால், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு அதிலுள்ள அழுக்கை வெளியேற்றினால், ஒவ்வொரு தடவையும் சில நூறு லிட்டர் வெளியே போகும். எல்லாம் சேர்த்து தினம் 200 லிட்டருக்கு மேல். நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பதுதான் அரசுக் கணக்கு. அதாவது உங்கள் வீட்டில் கூடுதலாக ஒன்றரை ஆள் குடியிருக்கிறார்.

2019 ஜூனை மறந்துவிட்டோமா? செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அந்த மாதிரி வருஷத்தில் உங்கள் குளத்துக்கு டேங்கர் வந்தால், பக்கத்துத் தெருவில் குடத்தோடு நிற்பவருக்கு என்ன சொல்வீர்கள்?

பனையூரான்
கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதே 32 சதுர மீட்டரில் நான் புல்வெளி போட்டிருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். கோடையில் புல்லுக்கும் ஏறக்குறைய அதே அளவு தண்ணீர் வேண்டும். ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) முழுக்க எத்தனை புல்வெளி இருக்கிறது, பாருங்கள். குளத்துக்கு மூடி போட முடியும், புல்லுக்குப் போட முடியாது. இரவிலும் ஆள் இறங்காத நேரத்திலும் மூடி வைத்தால் ஆவியாவது நன்றாகவே குறையும். அப்புறம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையே குளத்தை நிரப்பிவிடும், நாம்தான் இறைத்து வெளியே விட வேண்டியிருக்கும்.

2019 மாதிரி வருஷம் வந்தால் டேங்கர் கூப்பிட மாட்டேன். அதை இங்கேயே எழுதி வைக்கிறேன்.

ஃபில்டர்காரர்
இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் பூல் பராமரிக்கிறேன். சண்டை லிட்டர் கணக்கிலேயே நிற்கிறது. நான் பார்த்த வரையில் குளம் கெடுவது தண்ணீர் இல்லாமல் அல்ல, கவனிக்க ஆள் இல்லாமல்தான். பனையூர் சார், உங்கள் குளம் புதுசு. ஒரு வருஷம் கழித்து வரப்போகும் விஷயங்களை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஊற்றினாலும் முதலில் இரும்புச்சத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஊற்றும்போது தெளிவாகத்தான் தெரியும். குளோரின் போட்ட கொஞ்ச நேரத்தில் குளம் முழுக்க டீ நிறத்துக்கு மாறிவிடும். தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு துருவாகிறது, அவ்வளவுதான். வீட்டுக்காரர்கள் பயந்துபோய் மொத்தத் தண்ணீரையும் திறந்துவிடுவார்கள். அதற்கு அவசியமே இல்லை, ஃபில்டரில் பொறுமையாகப் பிடிக்கலாம்.

பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 7.2 முதல் 7.8 வரைக்குள் இருக்க வேண்டும், குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). பி.எச். 8-ஐத் தாண்டினால் குளோரின் கொட்டினாலும் பாதி வேலைகூடச் செய்யாது. புது சிமென்ட் பூச்சுள்ள குளத்தில் முதல் சில மாதங்கள் பி.எச். தானாகவே ஏறிக்கொண்டிருக்கும், ஆசிட் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்க வேண்டும். ஆசிட்டையும் குளோரின் பவுடரையும் ஒரே பக்கெட்டில் போடவே கூடாது. விஷ வாயு கிளம்பும், மூச்சுத் திணறி ஆளே போய்விடலாம். இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள்.

"குளோரின் வாடை தூக்குகிறது, ரொம்ப போட்டுவிட்டார்கள்" என்று எல்லாரும் சொல்வார்கள். பெரும்பாலும் நேர்மாறு. வியர்வை, சிறுநீர் இவற்றோடு சேர்ந்து கெட்டுப்போன குளோரின்தான் அப்படி நாறும். நல்ல குளோரின் அங்கே குறைவாக இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, மழைநீர் சாருக்குச் சாதகமானது. "அதே தண்ணீர் வருஷக்கணக்காக" என்பது முழு உண்மையில்லை. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பும் சுண்ணாம்பும் உள்ளேயே தங்கும். மேலே மேலே கடினநீரை ஊற்ற ஊற்ற டைல்ஸ் ஓரத்தில் வெள்ளைப் படிவம் பிடிக்கும். குளோரின் மாத்திரை போடுபவர்களுக்கு அதிலுள்ள ஸ்டெபிலைசரும் (வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் பொருள்) சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றிப் புதுசு விட்டே ஆக வேண்டும்.

அதற்காக மழைக்காலத்தில் குளத்தைக் காலி பண்ணிவிடாதீர்கள். பனையூர் மணல் நிலம், மழையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். காலியான தொட்டியை அது கீழிருந்து தூக்கும். விரிசல் விட்டால் சரிசெய்ய நிறையச் செலவாகும்.

மழைநீர்
ஃபில்டர்காரர் அண்ணே, நன்றி. இவ்வளவையும் ஒரு குடும்பம் தினமும் பார்க்க முடியுமா என்பதுதான் என் கேள்வி. பம்பு ஓடும் கரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு எச்.பி. பம்பு தினம் 7 மணி நேரம் ஓடினால் 7 யூனிட் பக்கம் வரும், 2 மாதத்துக்கு 400 யூனிட்டைத் தொடும். வீட்டின் மற்றச் செலவோடு சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண ஸ்லாப்பே மாறிவிடும். முதல் வருஷம் ஆசையாகப் பார்ப்பார்கள். இரண்டாம் வருஷம் வாட்ச்மேன் தலையில் விழும். மூன்றாம் வருஷம் பாசி படர்ந்து கொசு உற்பத்தி ஆகும். என் தெருவிலேயே அப்படி ஒன்று இருக்கிறது.

மெரினாவில் மாநகராட்சிக் குளம் இருக்கிறது, வேளச்சேரியில் பெரிய நீச்சல் வளாகம் இருக்கிறது. அங்கே ஒரே தண்ணீரில் நூற்றுக்கணக்கானவர்கள் நீந்துகிறார்கள். பகிர்ந்துகொள்வதுதான் நியாயம்.

பனையூரான்
முழங்கால் தேய்ந்த 70 வயது அம்மாவைப் பனையூரிலிருந்து தினம் மெரினாவுக்குக் கூட்டிப்போக முடியாது சார். ஏணியில் இறங்க முடியாது என்பதால்தான் எங்கள் குளத்தில் அகலமான படியும் கைப்பிடியும் வைத்தோம். கைவிடப்பட்ட குளம் கொசுக்கூடாரம் என்பது உண்மை. அதற்காக, கவனிக்கிறவரையும் கட்டாதே என்பது நியாயமில்லை.

இரட்டையர் அம்மா
எல்லாரும் தண்ணீரையும் கரண்டையும் பேசுகிறீர்கள். வேலி இருக்கிறதா, இல்லையா? குழந்தை மூழ்கும்போது சினிமாவில் வருகிற மாதிரி கத்தாது, கையை அடித்துக்கொள்ளாது. சத்தமே இல்லாமல் போய்விடும். ஆஸ்திரேலியாவில் வீட்டுக் குளத்தைச் சுற்றி குறைந்தது 1.2 மீட்டர் வேலியும், தானாக மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவும் சட்டப்படி வேண்டும். பிரான்சில் 2003-லேயே சட்டம் கொண்டுவந்தார்கள். இங்கே யாரும் கேட்கப் போவதில்லை என்பதால் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். மூடி போட்டிருக்கிறோம் என்று சொல்லாதீர்கள், சாதாரண பிளாஸ்டிக் மூடியின் மேல் குழந்தை ஏறினால் மூடியோடு உள்ளே போய்விடும்.

பனையூரான்
சகோதரி, மூன்று பக்கம் வேலி இருக்கிறது. நாலாவது பக்கம் வீட்டின் பின்கதவு.

இரட்டையர் அம்மா
அந்தப் பின்கதவு வழியாகத்தான் குழந்தை போகும். நாலாவது பக்கத்தையும் அடையுங்கள்.

ஃபில்டர்காரர்
அம்மா சொல்வதுதான் சரி. நானும் எல்லா வீட்டிலும் இதைத்தான் சொல்கிறேன், அழகு கெடும் என்று பாதிப் பேர் கேட்பதில்லை.

பனையூரான்
இந்த வாரமே வெல்டரைக் கூப்பிடுகிறேன். மழைநீர் சார், பேக்வாஷ் தண்ணீரை மழைநீர் சேகரிப்புக் குழியில் விடலாமா?

மழைநீர்
விடாதீர்கள், குளோரினும் அழுக்கும் நேராக நிலத்தடிக்குப் போகும். தனித் தொட்டியில் ஓரிரு நாள் வெயிலில் நிற்க விட்டு, தென்னைக்கு ஊற்றுங்கள். அப்புறம் ஒரு வேண்டுகோள். குளத்துக்குத் தண்ணீர் விடும் குழாயில் ஒரு மீட்டர் மாட்டி, மே மாதக் கணக்கை இங்கே போடுங்கள். என் 200 லிட்டர் சரியா, உங்கள் மூடி ஜெயித்ததா என்று பார்த்துவிடலாம்.

பனையூரான்
மாட்டுகிறேன். படிக்கட்டில் தண்ணீர் நிரப்பிய பக்கெட்டும் வைக்கிறேன். குளத்தின் மட்டம் பக்கெட்டைவிட வேகமாக இறங்கினால் கசிவு, இரண்டும் ஒரே மாதிரி இறங்கினால் வெயில். இரண்டையும் படத்தோடு போடுகிறேன்.