மழைக்கு முன் வீட்டில் என்னென்ன வைத்துக்கொள்ள வேண்டும்? (கோத்தகிரி)

மலைக்குப் புதியவள்:

அனைவருக்கும் வணக்கம். கணவரின் பணி மாற்றத்தால் ஜூன் மாதம் மதுரையிலிருந்து கோத்தகிரிக்குக் குடிவந்தோம். வாடகை வீடு, ஓட்டுக் கூரை. வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு தடுப்புச் சுவர், அதற்கு மேல் தேயிலை. மாமியாருக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறோம். மகளுக்கு நான்கு வயது.

ஆகஸ்டில் மூன்று நாள் கரண்ட் இல்லை. இரண்டாம் நாள் இரவு கேஸும் தீர்ந்தது. பக்கத்து வீட்டில் விறகு கொடுத்தார்கள். பற்றவைக்கப் பார்த்தால் தீப்பெட்டி நமத்துப் போயிருந்தது. ஒரு பெட்டிக் குச்சியில் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. மகள் பசியில் அழுதுகொண்டே தூங்கிவிட்டாள். அந்த இரவை என்னால் மறக்க முடியவில்லை.

அது சின்ன மழைதான், ஐப்பசி, கார்த்திகையில்தான் இங்கே உண்மையான மழை என்று மளிகைக் கடைக்காரர் சொல்கிறார். குஞ்சப்பனைப் பாதையும் பர்லியார் பாதையும் சேர்ந்து அடைபட்டால் அரிசியும் பாலும் கேஸும் மேலே ஏறாதாம். இணையத்தில் தேடினால் ஜெனரேட்டர், தகர டப்பா உணவு என்று பெரிய பட்டியலாக வருகிறது. என்னால் இந்த மாதம் ஒதுக்க முடிந்தது 3,000 ரூபாய். எதை முதலில் வாங்குவது? மலையில் பல மழை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அரவேனு அங்கன்வாடி:

மகளே, உனக்கு என் மகள் வயதுதான் இருக்கும், அதனால் நீ என்றே எழுதுகிறேன். எட்டு வயதில் பெற்றோருடன் இலங்கையிலிருந்து இந்த மலைக்கு வந்தவள் நான். தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தேன். பிறகு 31 ஆண்டு அங்கன்வாடியில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் மண்ணில் புதைந்து இறந்தார்கள். அந்த வாரம் எங்கள் தெருப் பிள்ளைகள் பதினொரு பேருக்கு என் அடுப்பில்தான் கஞ்சி காய்ச்சினேன். அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேள்.

தீக்குச்சி பற்றவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அங்கிருந்தே தொடங்கு. இங்கே குடும்பத்தைத் தோற்கடிப்பது ஈரம். அரிசி இருக்கும், விறகு இருக்கும், உப்பு இருக்கும், போர்வை இருக்கும். எல்லாம் ஈரமாக இருக்கும். கடைக்குப் போவதற்கு முன் உன் வீட்டில் உலர்ந்த இடம் எது என்று கண்டுபிடி. எங்கள் அம்மா அடுப்புக்கு நேர் மேலே மூங்கிலால் பரண் கட்டியிருந்தார். தீப்பெட்டி, உப்பு, மிளகாய், சுள்ளி, ரேஷன் அட்டை எல்லாம் அங்கேதான். அந்தப் பரணில் இருந்த எதுவும் நமத்து நான் பார்த்ததில்லை. கேஸ் அடுப்புக்கு மேல் பரண் வைக்காதே, அது ஆபத்து. வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் மேல் தட்டைக் காலி செய்துகொள்.

தீக்குச்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். மெழுகுவர்த்தியை உருக்கி, சூடு கொஞ்சம் தணிந்ததும் குச்சியின் தலையை அதில் முக்கி எடுத்து ஆறவிடு. பற்றவைக்கும்போது நகத்தால் மெழுகைச் சுரண்டிவிட்டு உரசு. இருபது குச்சி போதும். எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக மூடி வை.

விறகுக்குச் சோலைக்குள் போகாதே. காட்டெருமை எந்தப் புதரில் நிற்கும் என்று சொல்ல முடியாது. கவ்வாத்து முடிந்த தேயிலைத் தோட்டத்தில் கேட்டால் மிலார், அதாவது செடியிலிருந்து வெட்டிப் போட்ட குச்சி, கட்டுக் கட்டாகக் கிடைக்கும். பற்றவைக்க அதைப் போல வேறு இல்லை. கட்டைக்கு சீகை என்கிற வாட்டில் மரமும், கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் இருக்கின்றன. வாங்கும்போது இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பார். கணீரென்று கேட்டால் காய்ந்தது. தொப்பென்று விழுந்தால் உள்ளே ஈரம், பாதி விலைக்குத் தந்தாலும் வாங்காதே. கீழே செங்கல் வைத்து, பட்டை மேல்பக்கம் இருக்கும்படி அடுக்கு. மேலே தகரம் போடு, பக்கங்களைத் திறந்து விடு. பிளாஸ்டிக் விரிப்பால் முழுக்கச் சுற்றினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். விறகு காய வேண்டிய மாதங்கள் மாசியும் பங்குனியும். இந்த ஆண்டு அது தவறிவிட்டது. காய்ந்த விறகாகவே ஒரு வாரத்துக்கு வாங்கிக்கொள், அடுத்த ஆண்டு நீயே காயவைப்பாய்.

கேஸ் தீரும் நாள் தெரியாமல் இருந்ததுதான் ஆகஸ்டில் நடந்த தவறு. சிலிண்டர் மாட்டிய தேதியைச் சாக்பீஸால் அதன் மேலேயே எழுது. இரண்டு மூன்று சிலிண்டரில் உன் வீட்டுக் கணக்கு தெரிந்துவிடும். நடுவில் சந்தேகம் வந்தால் ஈரத் துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழாகத் துடை. காலியான பகுதி சீக்கிரம் காயும், கேஸ் இருக்கும் பகுதி ஈரமாகவே இருக்கும். குளிரில் தீ மெலிந்தால் சிலர் சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றுவார்கள், அடுப்பருகே உருட்டி வைப்பார்கள். செய்யவே செய்யாதே.

எரிபொருளை மிச்சப்படுத்த, கனமான அட்டைப் பெட்டியிலோ மரப் பெட்டியிலோ வைக்கோலை அழுத்தி நிரப்பி நடுவில் பானைக்குக் குழி விடு. துவரம் பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, மூடி போட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, கொதிக்கிறபோதே எடுத்துக் குழியில் வைத்துப் பழைய கம்பளியால் மூடு. இரண்டரை மணி நேரத்தில் பருப்பு மசியும். இந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆகவே திறந்த பாத்திரத்தில் நின்று வேகவைத்தால் எரிவாயு கரையும், பருப்பு வேகாது. ராஜ்மாவை மட்டும் இந்தப் பெட்டியில் சமைக்காதே. அதைக் குக்கரில் நன்றாக வேகவைக்க வேண்டும், அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைக் கெடுத்துவிடும்.

அரிசி, பருப்பு, பால் பவுடர், உப்பு, எண்ணெய் ஆகியவை நீ வழக்கமாக வாங்குவதில் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக இருந்தால் போதும். பழையதை முதலில் எடு, புதியதைப் பின்னால் வை. காய்கறிக்குக் கவலைப்படாதே. பாதை அடைபட்டால் கேரட்டும் முட்டைக்கோசும் கீழே இறங்க முடியாமல் இங்கேயேதான் கிடக்கும். உருளைக்கிழங்கை இருட்டில், காற்றோட்டமாக, வெங்காயத்தோடு சேர்க்காமல் வை. பச்சை நிறம் ஏறியதைக் குழந்தைக்குக் கொடுக்காதே.

எண்ணெயையும் வெல்லத்தையும் வெளிக் கொட்டகையில் வைக்காதே. கரடி வரும். கோத்தகிரியில் விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்காகக் கோயில் கதவையே உடைத்த கரடிகள் உண்டு.

கடைசியாக உன் வீட்டுத் தடுப்புச் சுவர். இதை நாளைக்கே செய். சுவரில் தண்ணீர் வடிய ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அவை மண்ணும் வேரும் அடைத்துக் கிடந்தால் மழைநீர் சுவருக்குப் பின்னால் தேங்கி, அந்தப் பாரத்தில் சுவர் சரியும். நீளக் கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்தி விடு. பைசா செலவில்லை. நான் எழுதியவற்றில் உன் பிள்ளையின் உயிரோடு நேராகத் தொடர்புள்ளது இதுதான்.

குன்னூர் செவிலியர்:

அக்கா மருந்தைச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். மாமியாரின் மாத்திரையும் ஊசியும் எப்போதும் இரண்டு வாரம் கூடுதலாக இருக்கட்டும். உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் நம் ஊர்க் குளிரில் குளிர்பதனப் பெட்டிக்கு வெளியே சுமார் நான்கு வாரம் தாங்கும். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்று மருத்துவரிடம் கேட்டு டப்பா மேல் எழுதிக்கொள்ளுங்கள். திறக்காத குப்பிகளுக்குத்தான் பெட்டி வேண்டும். கரண்ட் போனால் பெட்டியைத் திறக்காமல் விடுங்கள். நீண்ட நேரம் வராவிட்டால் ஈரத் துணி சுற்றிய மண்பானைக்குள், நனையாதபடி டப்பாவில் போட்டு வையுங்கள். உறைந்துபோன இன்சுலினைப் போடவே கூடாது.

குழாய்த் தண்ணீர் கலங்கி வந்தால் தெளியவிட்டு, பருத்தித் துணியை நான்காக மடித்து வடிகட்டி, 3 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்: குளிருக்காகக் கரி அடுப்பையோ தணல் சட்டியையோ படுக்கும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கதவைச் சாத்தி அப்படித் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஒரு வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் குழந்தையின் கால்மாட்டில் வைத்தால் போதும்.

கட்டபெட்டு பிக்கப்:

மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றுகிறவன் நான். அரவேனு அம்மா சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. வாடகை வீட்டில் விறகு அடுப்புக்கு எல்லா உரிமையாளரும் சம்மதிப்பதில்லை. 5 கிலோ சிறிய சிலிண்டர் அடையாளச் சான்று காட்டினால் கிடைக்கும். அந்தத் தங்கையின் 3,000 ரூபாயில் பெரும்பங்கு அதற்குப் போகட்டும் என்பேன். சூரிய ஒளி விளக்கை நம்ப வேண்டாம். மூடுபனி ஒரு வாரம் இறங்கினால் அது சார்ஜ் ஏறாது. பேட்டரி டார்ச்சும் சிறிய ரேடியோவும் வாங்குங்கள், செல்போன் கோபுரம் படுத்தாலும் உதகை வானொலி கேட்கும்.

2009இல் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. அந்த மழையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மண் சரிவதற்கு முன் அடையாளம் காட்டும். தரையில் புது விரிசல், சாய்ந்த மின்கம்பம், திடீரென்று கதவு இறுகிப் போவது, தெளிவாக ஓடிய ஓடை செம்மண்ணாக மாறுவது அல்லது சட்டென்று வற்றுவது. இதில் ஒன்றைப் பார்த்தாலும் பொருள் எடுக்க நிற்காதீர்கள், இரவானாலும் வெளியேறுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. பட்டா, ஆதார், மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே பையில் கதவருகே தொங்கட்டும்.

அரவேனு அங்கன்வாடி:

தம்பி சொல்வது சரி. சின்ன சிலிண்டரை நான் யோசிக்கவில்லை, எங்கள் காலத்தில் அது இல்லை. ஆனாலும் மகளே, ஒரு கட்டு மிலார் வைத்துக்கொள். முற்றத்தில் மூன்று கல் கூட்டினால் உரிமையாளர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

மலைக்குப் புதியவள்:

எல்லோருக்கும் நன்றி. சுவரில் ஏழு ஓட்டைகள் இருந்தன, ஐந்து அடைத்திருந்தன. கணவர் கம்பியால் குத்தியபோது ஒன்றிலிருந்து அரை வாளி செந்தண்ணீர் கொட்டியது. மழை பெய்து ஒன்பது நாள் ஆகியும் இவ்வளவு தண்ணீர் உள்ளே நின்றிருக்கிறது. பார்த்துவிட்டு இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. வீட்டு உரிமையாளரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டோம்.

சின்ன சிலிண்டர் வாங்கியாயிற்று. வைக்கோல் பெட்டியில் வைத்த பருப்பு இரண்டே முக்கால் மணி நேரத்தில் வெந்தது, மாமியார் நம்பாமல் இரண்டு முறை திறந்து பார்த்தார். மெழுகு முக்கிய குச்சிகளும் தயார். ஒரு சந்தேகம்: குச்சி நனையாது, சரி. உரசும் பெட்டியின் பக்கமும் நமத்துவிடுமே?

அரவேனு அங்கன்வாடி:

நல்ல கேள்வி. புதுப் பெட்டி ஒன்றின் இரு பக்கத்தையும் கத்தரித்து, தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து, அதே எவர்சில்வர் டப்பாவில் வை. குச்சியோடு ஒட்டி வைக்காதே, தவறி உரசிக்கொள்ளும். இனி பருப்புப் பெட்டியை நடுவில் திறக்க வேண்டாம் என்று மாமியாரிடம் சொல், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கால் மணி நேரம் கூடும்.