புதுப்பிப்பு: கேம்பர் வேனில் தரங்கம்பாடி போய் வந்தாச்சு

வாடகை கேம்பர் வேனில் (உள்ளேயே படுத்து, சமைத்துக்கொள்ளும் வண்டி) மனைவியோடு சேலத்திலிருந்து தரங்கம்பாடி போகலாமா, நல்ல மீன் சாப்பாடு கிடைக்குமா என்று ஏப்ரலில் கேட்டிருந்தேன் இல்லையா? போன வாரம் போய் வந்தோம்.

ஒத்திகைக்காக முதல் இரவு ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் பாத்திரமெல்லாம் இடம் மாறிவிட்டது. "எல்லாத்தையும் கட்டி வைங்க" என்று எழுதியவரே, மன்னிக்கணும்.

கடற்கரையில்தான் சொதப்பல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதை மறந்தே போனேன். விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வஞ்சிரம் விலையைக் கேட்டதும் அப்படியே திரும்பிவிட்டேன். நல்லவேளை, நாட்டுப்படகுகளுக்குத் தடையில்லை. காலையில் கரைக்கு வந்த நெத்திலியை வாங்கி, மாங்காய் போட்டு வேன் அடுப்பிலேயே மனைவி குழம்பு வைத்தாள். எந்த ஓட்டலும் கிட்ட வராது. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையை அப்புறம்தான் பார்த்தோம், வயிறு நிறைந்த பிறகு.

கழிப்பறை பற்றிக் கேட்டவருக்கு: இரவில் ஒரு லாட்ஜ் வளாகத்தில் பணம் கட்டி நிறுத்தினோம், அங்கேயே குளியலும்.

நாளை வேனைத் திருப்பிக் கொடுக்கணும். உள்ளே இன்னும் மீன் வாடை. போக்க வழி தெரிந்தால் சீக்கிரம் சொல்லுங்கள்.