ஆக்டேவில் ஒரு ஸ்பேஸ்: நாலு எண் மூணு ஆனது எப்படி?

குளிரறைக்காரன்:
சிங்கப்பூர் துவாஸில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன். நாலு அறையின் வெப்பநிலையையும் தாளில் குறித்து, ஆக்டேவ் என்ற கணக்கு நிரல்மொழியில் தட்டிக் குறைந்த அளவைப் பார்ப்பது வழக்கம். நேற்று இப்படித் தட்டினேன்:

[4 -18 - 20 3]

குறைந்தது -38 என்று வந்தது! மீன் அறை -18, ஐஸ்கிரீம் அறை -20, அவ்வளவுதான் இருக்க வேண்டும். கம்ப்ரெசர் கோளாறோ என்று பயந்து, விடிகாலை மூணு மணிக்கு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினேன். மீட்டர் சரியாகத்தான் இருந்தது. திரும்பி வந்து பட்டியலைப் பார்த்தால் 4, -38, 3. பைத்தான் நிரல்மொழியில் [-18, - 20] சரியாகவே வருகிறதே, இங்கே ஏன் இப்படி?

தெம்பனிஸ் அக்கா:
தம்பி, ஆக்டேவிலும் அதே மாதிரி மொழியான மேட்லேபிலும் சதுர அடைப்புக்குள் ஸ்பேஸும் காற்புள்ளி மாதிரி எண்களைப் பிரிக்கும். அதனால் மைனஸைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பார்த்துத்தான் அது முடிவெடுக்கும். இரண்டு பக்கமும் இடைவெளி இருந்தால் கழித்தல். முன்னால் மட்டும் இருந்தால் புது மைனஸ் எண். உங்கள் 20க்கு முன்னால் ஒரு ஸ்பேஸ் கூடுதலாக விழுந்துவிட்டது. பைத்தானில் பிரிப்பது காற்புள்ளி மட்டும்தான். இனிமேல் நீங்களும் காற்புள்ளி போடுங்கள்.

ரூபி எழுதுபவன்:
அக்கா சொன்னது சரி, ஆனால் காற்புள்ளி எல்லா இடத்திலும் காப்பாற்றாது. சென்சார் திருத்தத்துக்காக அ, ஆ என்ற இரண்டு அளவிலிருந்து 0.5 கழிக்க நினைத்து [அ -0.5, ஆ -0.5] என்று எழுதினால் இரண்டுக்குப் பதில் நாலு எண் வரும், பிழைச்செய்தியே வராது. (அ - 0.5) என்று அடைப்புப் போட்டால் கவலையில்லை. ரூபி நிரல்மொழியிலும் இதே தொல்லை உண்டு: "அளவு -1" என்பதில் அளவு உள்ளூர் மாறி (மதிப்பை வைத்திருக்கும் பெயர்) என்றால் கழித்தல், மெத்தட் (ஒரு வேலையைச் செய்யும் நிரல்பகுதி) என்றால் -1 அதற்கு ஆர்கியுமென்டாக, அதாவது உள்ளீடாகப் போய்விடும். ஹாஸ்கெல் என்ற மொழி நேர்மாறு. அங்கே வழக்கமான அமைப்பில் இடைவெளி எப்படி இருந்தாலும் கழித்தல்தான், அதனால் மைனஸ் எண்ணை ஆர்கியுமென்டாகக் கொடுக்க (-1) என்றே எழுத வேண்டும்.

இன்னொன்று, இந்த எண்களை ஃபைலிலிருந்து படிக்கப் போகிறீர்களா? எழுத்தை முழு எண்ணாக்கும் பைத்தானின் இன்ட் (int) " -20 " என்ற எழுத்துச்சரத்தை ஏற்கும். "- 20" என்றால் பிழை காட்டி நின்றுவிடும். நிற்பதே நல்லது.

குளிரறைக்காரன்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. காற்புள்ளிக்கு மாறிவிட்டேன், எண்ணிக்கை நாலு இல்லையென்றால் நிற்கும்படியும் ஒரு வரி சேர்த்தேன். பழைய பதிவுகளைத் தோண்டியதில் இன்னும் ஓர் இரவு இதே மாதிரி மூணு எண்தான் இருந்தது. தாளைப் பார்த்துத் திருத்தி, காலையில் சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட்டேன்.