சி-4 வெடிமருந்தைக் கொளுத்திச் சோறு சுட வைத்தார்களாமே, உண்மையா?

சும்மா_கேட்டேன்:
வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் சி-4ஐக் கொஞ்சம் கிள்ளிப் பற்றவைத்து ரேஷன் டப்பாவைச் சூடாக்கினார்கள் என்று டீக்கடையில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். நெருப்பு வைத்தால்கூட வெடிக்காத சரக்கை என்னவென்று சோதித்து வாங்குவார்கள்?

பழைய_பீரங்கி:
உண்மைதான். ஆர்.டி.எக்ஸ். துகளை ரப்பர் மாதிரிப் பசையோடு பிசைந்தது அது, சின்னத் துண்டு எரியும், அவ்வளவுதான். ஆனால் புகை நச்சு, அதைத் தின்றுவிட்டு வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களும் உண்டு. சோதனை என்றால், வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிக்கிறதா என்பது பாதிதான். கூடாத நேரத்தில் சும்மா கிடக்கிறதா என்பது மீதி. கனத்தை மேலே போடுவார்கள், துப்பாக்கியால் சுடுவார்கள், எரியும் எண்ணெயில் வாட்டுவார்கள், மணிக்கணக்கில் மெல்லச் சூடேற்றுவார்கள், பக்கத்தில் ஒன்று வெடித்தால் இதுவும் சேர்ந்துகொள்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

உப்புக்காற்று:
அந்த மீதிப் பாதியின் விலை தெரிய ஃபாரஸ்டல் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றிப் படியுங்கள். 1967 ஜூலை 29, வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடா. ஒரு விமானத்திலிருந்து சூனி ராக்கெட் தானாகக் கிளம்பி எதிரே நின்ற விமானத்தின் எரிபொருள் டாங்கைக் கிழித்தது, மேல்தளம் முழுக்கத் தீ. புதிய குண்டுகள் தீயில் கொஞ்சம் தாங்கும், அணைக்க நேரம் கிடைக்கும் என்றுதான் தீயணைப்புக் குழுவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் முந்தைய நாள் சரக்குக் கப்பலிலிருந்து ஏற்றியதில் பழைய 1000 பவுண்டுக் குண்டுகள் இருந்தன, காம்போசிஷன் பி என்ற வெடிமருந்து நிரப்பியவை, துருப்பிடித்துக் கிடந்தவை. தீப்பிடித்து ஒன்றரை நிமிடம் சொச்சத்தில் முதல் குண்டு வெடித்தது. கையில் அணைப்பானோடு முன்னால் நின்ற தலைமை வீரர் ஃபாரியரும் குழுவில் பெரும்பாலோரும் அங்கேயே போனார்கள். மொத்தம் 134 பேர்.

சும்மா_கேட்டேன்:
ஐயோ. அந்தக் குண்டுகளை யாருமே பார்க்கவில்லையா?

உப்புக்காற்று:
பார்த்தார்கள், அதுதான் கொடுமை. ஆயுதப் பிரிவு ஆட்கள் வேண்டாம் என்று சொல்லியும், அடுத்த நாள் தாக்குதலுக்கு வேறு குண்டு இல்லையென்று ஏற்றிக்கொண்டார்கள். அப்புறம்தான் குண்டுகளுக்கு வெப்பத் தடுப்புப் பூச்சு வந்தது.

பழைய_பீரங்கி:
அது காம்போசிஷன் பி, சி-4 இல்லை, டீக்கடைக்காரரிடம் ரெண்டையும் குழப்பிவிடாதீர்கள்.