எஸ்ஆர்20டிஇடி இன்ஜினுக்கு எந்த ஃபோர்ஜ்டு பிஸ்டன்: 4032-ஆ, 2618-ஆ?

என் எஸ்ஆர்20டிஇடி (நிசானின் 2 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின்) மூன்று வாரமாகப் பிரித்த நிலையில் கிடக்கிறது. டர்போ அழுத்தத்தை 1.1 பாருக்கு உயர்த்தினேன். நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிக்கும் தட்டல் சத்தம்) கேட்டது, மறுநாளே நீலப்புகை. மூன்றாம் சிலிண்டரில் கம்ப்ரஷன் 60 பிஎஸ்ஐ, மற்றவற்றில் 145. திறந்து பார்த்தால், பிஸ்டனில் இரண்டு ரிங்குகளுக்கு நடுவிலுள்ள விளிம்பு உடைந்திருந்தது.

இன்ஜெக்டர்களைச் சோதித்துவிட்டேன், குறையில்லை. கிராங்க் அளவும் சரி. சிலிண்டரில் கீறல் இருப்பதால் 86 மி.மீ.யிலிருந்து 86.5-க்குக் கடைய வேண்டும். இலக்கு 400 குதிரைத்திறன். கனெக்டிங் ராடு ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அழுத்தி அடித்து உருவாக்கிய) எச்-பீம் என்று முடிவாகிவிட்டது.

பிஸ்டனில்தான் திண்டாடுகிறேன். 4032, 2618 இரண்டும் அலுமினியக் கலவைகள். 4032-இல் சுமார் 12% சிலிக்கான். குறைவாக விரிவதால் சுவருடன் இடைவெளியை நெருக்கமாக வைக்கலாம், குளிர்ந்த இன்ஜினில் தட்டும் சத்தம் குறையும். 2618 நாக்கிங்கை நன்றாகத் தாங்கும், ஆனால் கூடுதல் இடைவெளி கேட்கும், ரிங் பள்ளங்களும் சீக்கிரம் தேயும். ஒருமுறை உடைந்ததைப் பார்த்த பயம் என்னை 2618 பக்கம் இழுக்கிறது. ஆனால் இந்த வண்டியில்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். பந்தயத் தடத்துக்கு மாதம் ஒருமுறைதான். பிஸ்டனை அளக்காமல் கடைய மாட்டோம் என்கிறது பட்டறை, அது நியாயம்தான்.

இதே அளவு சக்தியில் 4032 பிஸ்டனுடன் தினமும் ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா, அது தாங்கியதா?